மாமுவின் பிளஷரும் ஒரு கால் சுற்றும்

எங்கள் மாமுவின் வாயில் ‘முடியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. அம்மா எதைச் சொன்னாலும் ‘சரிக்கா’ என்பார். கிணற்றில் குதி என்றாலும் ‘சரிக்கா’தான். ஆனால் குதிக்க மாட்டார். அவருடைய ‘சரிக்கா’வுக்கும் அதற்குப் பிறகு நடப்பதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இருந்ததில்லை என்பது நாகல் நகரில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரிந்தும் ஒவ்வொரு முறையும் நம்பினாள்.

மாமு அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது இளையவர். நான்கு வயதில் தாயை இழந்தவர். அம்மா வாக்கப்பட்டு திண்டுக்கல்லுக்கு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு அவரும் வண்டியேறி வந்துவிட்டார் என்று என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, கேலி செய்வார். அதனால் அக்கா என்றால் அவருக்குப் பெற்ற தாய்க்கும் மேல். எதிர்த்துப் பேச வாய் வராது. வாய் வராத மனிதர் காரியத்தை வேறு வழியில் முடித்துக்கொள்வார்.

ஒருமுறை மாடியில் அவர் வளர்த்த புறாக்கள் அசிங்கம் பண்ணுகின்றன, விற்றுவிடு என்றாள் அம்மா. ‘சரிக்கா’ என்று அன்றைக்கே கூண்டோடு கொண்டுபோய் அகரத்தில் ஒருவருக்கு விற்றுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் காலையில் எட்டுப் புறாக்களும் எங்கள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. “நான் வித்துட்டேன்க்கா. அதுகளா வந்துருச்சு, நான் என்ன செய்ய?” என்றார். அகரத்துக்காரருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புறாக்கள் இருந்தன. பழகிய புறா பழைய கூட்டுக்குத்தான் வரும் என்று மாமுவுக்குத் தெரியாதா என்ன? அன்று எனக்குத்தான் அது ஒரு பெரிய அதிசயமாக இருந்தது.

அந்த மாமுவிடம் ஒரு கறுப்பு பிளஷர் இருந்தது. அந்தக் காலத்தில் காரை எங்கள் பக்கம் பிளஷர் என்றுதான் சொல்வோம். கொடைக்கானலில் யாரோ ஒரு துரை வைத்திருந்து, கை மாறிக் கை மாறி, கடைசியில் மாமுவின் கைக்கு வந்த வண்டி. கல்யாணத்துக்கும் பழனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓட்டுவார். மற்ற நேரங்களில் அது எங்கள் கொல்லையில், சமையற்கட்டு ஜன்னலுக்கு நேராக நிற்கும்.

வண்டியை ஓட்டுவதைவிட, அது நின்றுகொண்டே ஓடுவதைக் கேட்பதில்தான் மாமுவுக்கு ஆசை அதிகம். எவன் வேண்டுமானாலும் வண்டியை ஓடவைப்பான், நிற்கவைப்பதில்தான் இருக்கிறது வித்தை என்பார். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டால் இஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகிற கதவு சாத்திக்கொள்ளும். முழுக்கச் சாத்திக்கொண்டால் மூச்சு முட்டி அணைந்துவிடும். அதற்காகக் கார்புரேட்டரில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. நாம் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுப்போமே, அந்த வேலையை அது செய்யும். முறுக்கினால் கதவு சற்று அதிகம் திறந்து வண்டி இரையும். தளர்த்தினால் சத்தம் இறங்கிக்கொண்டே வந்து, இரண்டு குலுக்குக் குலுக்கி, செத்துப்போகும். ஒர்க்ஷாப்பில் அதற்கு ஸ்லோ ஆணி என்று பெயர். பக்கத்திலேயே இன்னொரு ஆணி உண்டு. அதைத் தொட்டால் கை இருக்காது என்று என்னை மிரட்டி வைத்திருந்தார்.

ஸ்லோ சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாமு ஓர் அளவுகோல் வைத்திருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, சமையற்கட்டில் அம்மா தாளிக்கிற கடுகு வெடிப்பது கொல்லையில் நிற்பவனுக்குக் கேட்க வேண்டும். கடுகு கேட்கவில்லை என்றால் வேகம் அதிகம். வண்டி அணைந்துவிட்டால் குறைவு. இதற்காகவே பதினோரு மணிக்கு, அம்மா வெஞ்சனத்துக்குத் தாளிக்கிற நேரமாகப் பார்த்து இஞ்சின் மூடியைத் திறந்துகொண்டு நிற்பார். புகையும் பெட்ரோல் வாடையும் ஜன்னல் வழியாகக் குழம்பில் இறங்குகிறது என்று அம்மா கத்துவாள். ‘சரிக்கா’ என்பார்.

அப்படி ஒரு நாள் கடுகு கேட்ட இடத்தில், ஆணியின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளியும் அதற்கு நேராகக் கார்புரேட்டரின் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளியும் வைத்தார். அத்தாவின் தோல் மண்டியில் கட்டுகளுக்கு அடையாளம் போடும் சாயத்தில் தொட்டு வைத்தது அது. இரண்டு புள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். எனக்கு அப்போது ஒன்பது வயது. வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது, அதனால் இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அந்த வருஷம் மாமுவுக்குப் பெண் பார்த்தார்கள். நல்ல இடம். பெண்ணும் அழகு. ஆனால் பெண்ணின் அத்தா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், ரோட்டில் வண்டி ஓட்டித் திரிகிறவனுக்கு என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன், மச்சானோடு தோல் மண்டியில் உட்காருகிறவன் என்றால் தருகிறேன் என்று. அம்மாவுக்கு அதில் குறையே தெரியவில்லை. பிளஷரை விற்றுவிட்டு மண்டியில் உட்காரச் சொன்னாள்.

‘சரிக்கா’ என்றார் மாமு.

வண்டியை வாங்க முதலில் வந்தவர் ஒரு கடலை வியாபாரி. மாமு அவரை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார். ஓடும்போது வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து எங்கள் வாசலில் நிறுத்தியதும் இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. மறுபடி ஹேண்டில் போட்டுக் கிளப்பினார். மறுபடி அணைந்தது. வாசலில் வந்து உயிரை விடுகிற வண்டி குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வியாபாரி டவுன் பஸ்ஸில் போனார். இரண்டாவதாக வந்த பாத்திரக்கடைக்காரரிடமும் இதே கதைதான். அவர் சகுனம் பார்க்கவில்லை, சிரித்துவிட்டார். அவர் சிரித்தது எனக்குச் சுருக்கென்றது.

அம்மா கேட்டதற்கு, ஸ்லோ ஆணி தேய்ந்துபோய்விட்டது, எத்தனை முறுக்கினாலும் தானாகக் கழன்றுவிடுகிறது என்றார் மாமு. பாத்திரக்கடைக்காரர் போன மறுநாள் அதே வண்டி ஒரு கல்யாணக் கோஷ்டியைப் பழனிக்குக் கொண்டுபோய்ச் சமர்த்தாகத் திரும்பி வந்தது. அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் நான். எனக்கோ அந்த வண்டிமேல் கோபம்தான் வந்தது. நாலு பேர் முன்னால் மாமுவை அவமானப்படுத்துவதற்கென்றே இப்படிச் செய்கிறதே என்று நினைத்தேன்.

நோன்பு வருவதற்குள் வண்டி போகவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று பெண் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அம்மா சத்தம் போடவில்லை. மாமுவுக்குச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“ஒன்னய வளத்ததுக்கு நான் ஒண்ணும் கேட்டதில்ல தம்பி. இது ஒண்ணு கேக்குறேன்” என்றாள்.

மாமு பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுக் கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வண்டியின் மூக்கின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமு அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் வண்டியை விற்க இவ்வளவு பாடுபட்டும் விலைபோக மாட்டேன் என்கிறதே, அந்த வேதனையில் அழுகிறார் என்று முடிவு செய்துகொண்டேன். ஒன்பது வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் உடனடியாகக் காரணம் தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆயக்குடியிலிருந்து ஒரு கொய்யாத் தோப்புக்காரர் வருவதாக இருந்தது. காலையில் மாமு மூடியைத் திறந்து, திருப்புளியோடு ஸ்லோ ஆணிமேல் குனிந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹேண்டில் போட்டார். வண்டி கிளம்பியது, குலுக்கியது, அணைந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மூடியைச் சாத்தினார். பாவம், இன்றைக்கும் சரிசெய்யப் பார்த்துத் தோற்றுப்போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியான லுஹர் தொழுகைக்கு அத்தாவும் மாமுவும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். நான் அம்மாவின் தையல் மிஷின் டிராயரிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அந்த வண்டியின் மூடி பக்கவாட்டில் தூக்குகிற மாதிரி இருக்கும், எனக்கு எட்டும். உள்ளே பார்த்தால், சிவப்புப் புள்ளிகள் இரண்டும் சண்டைக்காரிகள் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. தையல் மிஷினில் அம்மா ஊசி மாட்டும் ஆணியை எந்தப் பக்கம் முறுக்கி இறுக்குவாளோ அந்தப் பக்கமாகத் திருப்பினேன். முக்கால் சுற்றில் புள்ளியும் புள்ளியும் நேருக்கு நேர் வந்தன. தானாகக் கழன்று போகிற ஆணியாயிற்றே, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கால் சுற்று முறுக்கினேன்.

தோப்புக்காரர் ஒரு கூடைக் கொய்யாப்பழத்தோடு வந்தார். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. அவர் மனைவிக்கு இரண்டு காலும் விழுந்துவிட்டன. வாரம் ஒருமுறை திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். போன மாதம் வாடகைக்கு எடுத்து வந்த வண்டி ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் நடுவே அணைந்துபோய், எழுந்து ஓட முடியாத அந்த அம்மாளை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். அதிலிருந்து அந்த அம்மாள் வண்டி ஏறவே பயப்படுகிறாள். அதனால் தனக்கு வேகம் வேண்டாம், மினுக்கு வேண்டாம் என்றார்.

“ஏனுங்க, கேட்டுல நின்னா அணையாம நிக்குமுங்களா? அது ஒண்ணு போதுமுங்க.”

மாமு அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, நிற்கும்போது அணையும், மறைக்க மனசு வரவில்லை, உங்களுக்கு இந்த வண்டி வேண்டாம் என்றார். அத்தா அசந்துபோனார். தன் வண்டியின் குறையைத் தானே சொல்லுகிற மைத்துனனை அவர் அதுவரை பார்த்ததில்லை. தோப்புக்காரரோ, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு தடவை கேட்டுக்குப் போய் நிறுத்திப் பார்த்துவிடலாம் என்றார்.

நானும் பின் ஸீட்டில் கொய்யாக் கூடைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். நாகல் நகர் கேட்டுக்குப் போனபோது சொல்லிவைத்தது போலக் கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி. மாமு நிறுத்தி, கியரை விலக்கி, பெடலிலிருந்து காலை எடுத்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அணையப்போகிறது என்று தெரிந்தவர் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

வண்டி அணையவில்லை. ஒரு பெட்டி போயிற்று, பத்துப் பெட்டி போயிற்று. இஞ்சின் அதுபாட்டுக்கு ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. மாமு காலைத் தூக்கிப் பார்த்தார், பெடல் எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று. இல்லை. பிறகு ஹெட்லைட்டைப் போட்டார். நல்ல வெயில், பகல் ஒன்றரை மணி. நீளமாக ஹார்ன் அடித்தார். இதெல்லாம் இஞ்சினுக்குச் சுமை கொடுக்கிற வேலை. சோப்ளாங்கி இஞ்சின் என்றால் இதற்கே அணைந்துவிடும். அன்று லேசாக முனகிவிட்டு மறுபடி ஓடியது. தோப்புக்காரர் இவற்றையெல்லாம் தனக்குக் காட்டுவதற்காகச் செய்கிறார் என்று நினைத்து, லைட்டும் நல்லா இருக்குதுங்க என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணாடியில் மாமுவின் முகம் தெரிந்தது. சந்தோஷத்தில் மனிதருக்குப் பேச்சே வரவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

“நல்ல வண்டியப் போயிக் கெட்டதுன்னீங்களே. இம்புட்டு நல்ல மனுசரா இருக்கறீங்களேங்க” என்று மாமுவின் தோளில் தட்டினார் தோப்புக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மடியிலிருந்து அச்சாரப் பணத்தை எடுக்கப்போனார். மாமு, செத்த நேரம் பொறுங்க என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கொல்லைக்குக் கொண்டுவந்து, அணைக்காமலே மூடியைத் திறந்தார். நான் சமையற்கட்டு வாசலில் ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்தபடி நின்றேன். தையல் மிஷின் திருப்புளி, நான் மறந்து வைத்த இடத்திலேயே, மூடிக்குள் ஓர் இடுக்கில் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீயா புள்ள?”

தலையை ஆட்டினேன். “நீ அழுதீல்ல மாமு. அதான் முறுக்கிவிட்டேன்” என்றேன்.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. தோப்புக்காரர் தள்ளி நின்று அத்தாவிடம் கொய்யாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாமு ரொம்ப நேரம் அப்படியே குனிந்து நின்ற மாதிரி எனக்கு இருந்தது. அப்புறம் அந்தக் குட்டித் திருப்புளியை ஆணியில் வைத்தார்.

“கால் சுத்து கூடப் போச்சு” என்றார்.

கால் சுற்றுத் திருப்பினார். இரைச்சல் இறங்கி, சீராக நின்றது. அன்றைக்குச் சமையல் தாமதம். அம்மா அப்போதுதான் தாளித்தாள். கடுகு வெடிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் மாமுவே வண்டியை ஆயக்குடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஒரு சாக்குக் கொய்யாவோடு பஸ்ஸில் வந்தார். எனக்குத் துக்கமெல்லாம் இல்லை. புறாக்கள் மூன்றாம் நாள் வந்தன, வண்டியும் வரும் என்றுதான் இருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் கொல்லையில் போய்ப் பார்த்தேன். எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருந்தது. பதினோரு மணிக்கு அம்மா கடுகு போட்டுவிட்டு, கரண்டியோடு ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். கடுகு கருகிவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாமு மண்டியில் உட்கார்ந்தார், நான்கு பிள்ளைகள் பெற்றார், சிரிக்கச் சிரிக்கப் பேசினார். அவர் வாழ்க்கை கெட்டுப்போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. ரோட்டில் ஏதாவது கார் நின்றபடி இஞ்சின் ஓடினால் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிற பேனா நின்றுவிடும். ஸ்லோ ஜாஸ்தி என்பார், அல்லது குறைச்சல் என்பார், மறுபடி எழுதுவார். மாமியோடு ஒரு குறையும் இல்லை. வண்டி ஓட்டச் சொல்லி யாராவது சாவி நீட்டினால் மட்டும், பழக்கம் விட்டுப்போச்சு என்று விலகிவிடுவார்.

நானோ அந்தக் கதையை விடவில்லை. அவர் கல்யாண வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டேன். மாமு பிளஷரை விற்க முடியாமல் தவித்ததும், ஒன்பது வயதில் நான் ஓர் ஆணியை முறுக்கி விற்றுக் கொடுத்ததும் எங்கள் குடும்பத்தில் எல்லா விசேஷங்களிலும் என் வாயால் வரும். மாமு பக்கத்தில் இருப்பார். “ஆமா, அவதான் செட் பண்ணா. கால் சுத்துதான் கூடப் போச்சு” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மாமுவும் சிரிப்பார். முப்பது வருஷம் இப்படிச் சிரித்தார்.

அவர் போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம், எங்கள் வீட்டுப் பழைய காரை ஒர்க்ஷாப்பில் விட்டிருந்தேன். நிற்கும்போது அணைந்தது. மெக்கானிக்கிடம் என் மேதாவித்தனத்தைக் காட்டாமல் இருக்க முடியுமா? ஸ்லோ ஆணி தானாகக் கழன்றிருக்கும் தம்பி, முறுக்கிவிடுங்கள் என்றேன். அவன் ஆணியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். அதன் கழுத்தைச் சுற்றி ஒரு சின்ன ஸ்பிரிங் இருந்தது.

“இது தானாக் கழலாதும்மா. அதுக்குத்தான் இந்த ஸ்பிரிங்கு. யாராச்சும் திருப்புனாத்தான் திரும்பும். நம்ம வண்டில வேற கோளாறு” என்றான்.

ஒர்க்ஷாப்பில் ஒரு டயரின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கடலை வியாபாரி, பாத்திரக்கடைக்காரர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமு குனிந்திருந்த குனிவு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தப் புறாக்கள்கூட வந்தன. அக்காவிடம் முடியாது என்று சொல்லத் தெரியாதவருக்கு அந்த ஓர் ஆணிதான் இருந்தது. அதையும் நான் முறுக்கிவிட்டேன். முறுக்கிவிட்டு, முப்பது வருஷம் அவர் முன்னாலேயே பீற்றிக்கொண்டேன்.

ஆனால் அதைவிட வேறொன்றுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. மாமு அன்று மூடியைத் திறந்தபோது அச்சாரம் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. திருப்புளி கையில் இருந்தது. தோப்புக்காரர் தள்ளி நின்றார். ஒரு முழுச் சுற்றுத் திருப்பியிருந்தால் வண்டி அங்கேயே அணைந்திருக்கும், அவருடையதாகவே இருந்திருக்கும். வாசலில் நான் பழத்தைக் கடித்துக்கொண்டு, மாமு என்னைப் பாராட்டப்போகிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். என்னை ஒரு தரம் பார்த்தார். கால் சுற்று மட்டும் திருப்பினார்.